தோதோவும் தூர்ந்த கிணறும்



இருப்பதை இருக்கிறது என்று சொல்ல எல்லா மொழியும் வல்லது. இல்லாமற் போனதை எவ்வாறு சொல்கிறது என்பதிலேதான் ஒரு மொழியின் இயல்பும் அதனைப் பேசும் மக்களின் பட்டறிவும் வெளிப்படுகின்றன. இழந்தது எது, இழந்தவர் யார், எதனால் இழப்பு நேர்ந்தது, இழந்ததை மீட்க வழியுண்டா என்னும் வினாக்களுக்கெல்லாம் இடம் வைத்துப் பேசும் மொழியும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே போர்வையால் மூடிவிடும் தொடரும் உண்டு. அத்தகைய தொடர் ஒன்றைப் பற்றியதே இவ்வுரை.

ஆங்கிலத்தில் 'டெட் ஆசு எ டோடோ' என்றொரு மரபுத்தொடர் வழங்குகிறது. 'டோடோவைப் போற் செத்தது' என்பது அதன் சொற்பொருள். மீள்வதற்கு ஒரு வழியுமின்றி முற்றும் ஒழிந்த எதனையும் ஆங்கிலர் அவ்வாறு சுட்டுவர். ஒரு சட்ட வரைவு கைவிடப்பட்டாலும், ஒரு கட்சி செல்வாக்கை இழந்தாலும், ஒரு பழக்கம் வழக்கற்றுப் போனாலும் அவர்க்கு அத்தொடரே போதும். அஃது அவர்தம் மொழி. அவர்தம் வரலாற்றில் முளைத்த தொடர். அதனை அவர் ஆள்வதில் யார்க்கும் வழக்கில்லை. ஆனால், அத்தொடர் இன்று தமிழர் நாவிலும் ஏறியிருக்கிறது. ஆங்கிலம் கலவாத பேச்சு கல்லாதவன் பேச்சு என்று மயங்குவோர், அலுவலகத்திலும் மேடையிலும் அதனைக் கூசாமல் ஆள்கின்றனர். அதனினும் கொடிது, சிலர் அதனைத் தமிழின் மேலேயே ஏவுகின்றனர். கடல் கடந்து குடியேறிய தமிழரிடையே தமிழ் 'டோடோவைப் போற் செத்துவிட்டது' என்று ஒரு பெருமூச்சோடு சொல்லிவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விடுகின்றனர்.

அத்தொடரின் பிறப்பையும் பொருளையும் அறிந்தவர் அதனை அத்துணை எளிதாக ஆளமாட்டார். டகரம் தமிழில் மொழிமுதல் வாராத எழுத்தாதலின், இனி இவ்வுரையில் அப்பறவை தோதோ என்றே சுட்டப்படும்.

தோதோ, இந்துமாக்கடலிலுள்ள மொரீசியசுத் தீவில் மட்டும் வாழ்ந்த ஒரு பறவை. ஏறத்தாழ மூன்றடி உயரமும், பத்துக் கிலோவிற்கு மேற்பட்ட எடையும், வளைந்த பேரலகும், பறத்தற்கு உதவாத சிறு சிறகும் உடையது. தோற்றத்தால் வான்கோழியினும் பெரிதாயினும் இனத்தால் அது புறாவே. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வு, இன்று உயிரோடுள்ள பறவைகளுள் அதற்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார்ப் புறா என்று காட்டிற்று. அப்புறாவிற்குப் பெயர் தந்த நிக்கோபாரே, முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வழங்கப்பெற்ற தீவு.

1598ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அத்தீவில் இறங்கித் தம் நாட்டுத் தலைவன் மோரிசின் பெயரை அதற்கு இட்டனர். பறவையைப் பிடித்தனர், சமைத்தனர். நெடுநேரம் வேகவைத்தும் இறைச்சி மெல்லவியலாததாய் இருந்தமையின் 'குமட்டும் பறவை' என்று அதற்குப் பெயரிட்டனர். தோதோ என்னும் பெயர் பின்னர் வந்தது. அது 'பேதை' எனப் பொருள்படும் போர்த்துக்கீசச் சொல் என்பாரும் உளர். ஒல்லாந்தச் சொல்லின் திரிபு என்பாரும் உளர். எவ்வாறாயினும், அப்பறவைக்கு வாய்த்த பெயரெல்லாம் அதனைக் கொன்றவர் இட்ட பெயரே. அதன் பக்கம் நின்று பெயரிட அத்தீவில் மாந்தர் எவரும் வாழ்ந்திருக்கவில்லை.

பகை அறியாத தீவில் வாழ்ந்த பறவை அது. தரையிலே கூடு கட்டிற்று. மாந்தனைக் கண்டு அஞ்சி ஓடவில்லை. ஒல்லாந்தர் 1638இல் அங்குக் குடியேற்றம் அமைத்தனர். கருங்காலி மரங்களை வெட்டிக் கப்பலேற்றினர். குடியேறியவர் தொகை சில நூற்றுவரைத் தாண்டியதில்லை. ஆனால் கப்பல்களில் வந்திறங்கிய எலியும் பன்றியும் குரங்கும் காடெங்கும் பெருகின. அவை தரைக்கூட்டிலிருந்த முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. வாளால் வெட்டியதைவிட வளைதோண்டிய எலியே அதிகம் அழித்தது என்பதே அறிவியலார் கருத்து. கப்பலுடைந்து ஒதுங்கிய ஒல்லாந்த மாலுமி ஒருவர் 1662இல் தாம் கண்டதாக எழுதிய குறிப்பே, பெரும்பாலோர் ஏற்கும் இறுதிச் சான்று. மாந்தன் குடியேற வந்து நூறாண்டு நிரம்புமுன் ஓர் இனம் பூண்டோடு ஒழிந்தது. ஒல்லாந்தரும் 1710இல் அத்தீவை விட்டு நீங்கினர். அவர் விட்டுச் சென்ற எலியும் குரங்கும் நிலைத்துவிட்டன.

இவ்வளவு நடந்தும், அன்று அதற்காக இரங்கினார் எவருமிலர். அப்படியொரு பறவை இருந்ததே பொய் என்று ஐயுற்றாரும் இருந்தனர். ஆக்சுபோர்டு அருங்காட்சியகத்தில் ஒரு தலையும் ஒரு காலுமே எஞ்சின. 1848இல் சுதிரிக்லாந்து, மெல்வில் என்னும் இருவர் அப்பறவையைப் பற்றி முழுநூல் ஒன்று எழுதி, அஃது உண்மையில் வாழ்ந்த பறவை, புறாவினம் என்று நாட்டினர். 1865ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் ஒருங்கே நேர்ந்தன. மொரீசியசில் பள்ளியாசிரியராய் இருந்த சியார்ச்சு கிளார்க்கு, ஒரு சதுப்பு நிலத்தில் ஆட்களை இறக்கிக் காலால் துழாவச் செய்து தோதோவின் எலும்புகளை மிகுதியாக எடுத்தார். அதே ஆண்டில் இலண்டனில் இலூயிசு கரோலின் ஆலிசு கதை வெளிவந்தது. அதில் தோதோ ஒரு நகைப்பாத்திரமாய் வந்து சிறுவர் உள்ளத்தில் இடம்பிடித்தது. அதன் பின்னரே 'தோதோவைப் போற் செத்தது' என்னும் தொடர் பெருவழக்காயிற்று. அதற்கு முன்னர் ஆங்கிலர் பல நூற்றாண்டுகளாகக் 'கதவாணியைப் போற் செத்தது' என்றே சொல்லி வந்தனர். கதவாணியிற் சாவதற்கு என்ன இருக்கிறது என்று திக்கன்சு என்னும் அவர்தம் பெரும் புதின ஆசிரியரே 1843இல் தம் கதையொன்றின் தொடக்கத்தில் எள்ளினார்.

ஆங்கிலத் தொடரின் வரலாறு இவ்வளவே. இனி அதன் பொருளைக் காண்போர் கருத வேண்டுவன இரண்டு.

முதலாவது, தோதோ சாகவில்லை, சாகடிக்கப்பட்டது. தொடரோ 'செத்தது' என்று மட்டும் சொல்லி, சாகடித்தவனை மறைத்துவிடுகிறது. இரண்டாவது, தோதோ என்றாலே பேதை, மூடம் என்னும் பொருள் அம்மொழியில் ஒட்டிக்கொண்டது. தன் மடமையாலேயே அது மாண்டது என்னும் குறிப்பும் உடன்சேர்ந்தது. 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தோதோவின் மண்டையோட்டின் உட்குழிவை அளந்து, அதன் மூளை உடலுக்கேற்ற அளவினதே, புறாக்களின் மூளைக்குக் குறைந்ததன்று என்று காட்டிற்று. 2018இல் ஆக்சுபோர்டுத் தலையை ஊடுகதிரால் ஆராய்ந்தபோது, அதன் பின்மண்டையில் ஈயக் குண்டுகள் புதைந்திருந்தமை வெளிப்பட்டது. மடமையாற் செத்ததாகச் சொல்லப்பட்ட பறவையின் மண்டையில் சுட்டவனின் குண்டு இருந்தது! கொன்றவன் மொழியில் கொல்லப்பட்டது பேதையாவது உலகில் புதிதன்று. அடிமைப்பட்ட மக்கள் அனைவரும் அதனை அறிவர்.

இனித் தமிழின்பால் வருவோர்க்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று காண்க.

தமிழில் இழப்பைச் சொல்லும் வினைகள் பெரும்பாலும் இரட்டையாய் நிற்கின்றன. அழிந்தது, அழித்தது, ஒழிந்தது, ஒழித்தது, மாய்ந்தது, மாய்த்தது, தொலைந்தது, தொலைத்தது, கெட்டது, கெடுத்தது, தீர்ந்தது, தீர்த்தது, அற்றது, அறுத்தது. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஒன்று அழிந்தது என்று ஒருவன் சொன்னவுடனே, தானே அழிந்ததா, ஒருவன் அழித்தானா என்று கேட்க அச்சொல்லே வழி திறந்து வைத்திருக்கிறது. அழிந்தது என்று சொல்லி அழித்தவனை மறைக்க முயல்வோனை அச்சொல்லின் இணையே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, எது இழக்கப்பட்டதோ அதற்கேற்ற வினையைத் தமிழ் தேர்ந்து வைத்திருக்கிறது. உயிர் சாகும், மரம் பட்டுப்போகும், பயிர் கருகும், கதிர் பதராகும், விளக்கு அவியும், ஆறு வற்றும், கிணறு தூரும், கயிறு இறும், ஆடை நையும், காசு தேயும், பால் திரியும், வணிகம் நொடிக்கும், உறவு முறியும், குடி வழியறும், ஊர் பாழ்படும், சொல் வழக்கு வீழும். யானைக்குப் பாகன், ஆட்டிற்கு இடையன் என்பது மரபு. யானைக்கு இடையன் என்பது மரபு வழு. அதுபோலவே விளக்குச் செத்தது என்பதும் கிணறு அவிந்தது என்பதும் வழுவாம். உயிர்களின் இளமைப்பெயர் முதலியவற்றைத் தனித்தனியே வரையறுக்கத் தொல்காப்பியத்தில் மரபியல் என ஓரியலே உள்ளது. பெயருக்கு உள்ள அவ்வொழுங்கு இழப்பைச் சொல்லும் வினைகளிலும் மக்கள் வழக்கில் இன்றுவரை நிலவுகிறது.

முற்றும் என்பதைக் காட்டும் அடைச்சொற்களும் அவ்வாறே. மரம் போல் நின்றது வேரோடு சாயும். கட்டடம் போல் நின்றது அடியோடு பெயரும். இனமாய்ப் பரவியது பூண்டோடு ஒழியும். கூட்டமாய் இருந்தது கூண்டோடு போகும். பழக்கமாய் இருந்தது அறவே நீங்கும்.

இனி, ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லும் வகையை எண்ணினால் வியப்பு மிகும். தண்ணீர் இல்லையென்றால் பொட்டுத் தண்ணீர் இல்லை. பொன் இல்லையென்றால் குன்றிமணிப் பொன் இல்லை. சோறு இல்லையென்றால் ஒரு பருக்கை இல்லை. உப்பு இல்லையென்றால் ஒரு கல் உப்பில்லை. நிலத்தில் ஒன்றும் முளைக்கவில்லையென்றால் புல் பூண்டும் இல்லை. தெருவில் ஆளில்லையென்றால் ஈ காக்கையும் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் மிகச்சிறிய அளவு எதுவோ அதனை எடுத்து, அதுவும் இல்லை என்கிறது தமிழ். எள்ளளவும் இல்லை, தினையளவும் இல்லை, கடுகளவும் இல்லை என்பன உழவன் அளவைகள். இம்மியும் இல்லை என்பது கணக்கன் அளவை. முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரிக்கும் மிகக் கீழ்ப்பட்ட நுண்பின்னமே இம்மி. மருந்துக்கும் இல்லை என்பது தாய்மார் வழக்கு. மருந்துக்கு வேண்டுவது ஒரு சிட்டிகை. அச்சிட்டிகைக்கும் வழியில்லை என்பது அதன் பொருள். எண் வரிசையில் ஒன்றுமின்மையைச் சுட்டப் பாழ் என்னுஞ் சொல் பரிபாடலிலேயே ஆளப்பட்டிருக்கிறது.

இத்துணைச் செல்வத்தையும் கையில் வைத்துக்கொண்டு, 'நில்' என்றும் 'சீரோ' என்றும் 'டோடோ' என்றும் பேசுவோர், தம் பத்தாயத்தில் நெல்லிருக்க அண்டை வீட்டில் நொய்யிரந்து நிற்பவரை ஒப்பர். ஆங்கிலத் தொடரை ஆங்கிலத்தில் பேசும்போது ஆளட்டும், அதில் இழுக்கில்லை. தமிழிற் பேசும்போது அதனை ஏன் இழுத்துவர வேண்டும்? சொல் இல்லாமையாலன்று; சொல் இருப்பதை மறந்தமையால்!

ஆயினும் இது வெறுஞ் சொல்வளப் பெருமையாக முடிந்துவிடுமாயின் இவ்வுரையால் பயனில்லை. தோதோ வாழ்ந்த அதே தீவில் தமிழர் வாழ்கின்றனர். அவர்களிடையே தமிழ் என்னாயிற்று என்பதே இங்கு எழும் உண்மையான வினா.

ஒல்லாந்தர் நீங்கியபின் 1715இல் பிரெஞ்சியர் அத்தீவைக் கைக்கொண்டனர். 1735இல் ஆளுநராய் வந்த இலபூர்தொன்னே, துறைமுகமும் கட்டடங்களும் எழுப்பப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்தார். இன்றைய தலைநகராகிய போர்ட்டு உலூயியை எழுப்பிய கைகளில் தமிழர் கைகளும் உண்டு. 1810இல் ஆங்கிலர் தீவைப் பற்றினர். அடிமை முறை 1835இல் ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி, 1834 தொடங்கி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் ஏறத்தாழ நாலரை இலக்கம் பேர் அங்குச் சென்று இறங்கினர். பெரும்பாலோர் வடபுலத்தார், சென்னைத் துறையிற் கப்பலேறிய தமிழரும் அவருள் இருந்தனர்.

தோட்டத்துக் கங்காணிக்கும் முதலாளிக்கும் விளங்கும் மொழி வேறு. அடிமைகளாய் வந்த ஆப்பிரிக்க மக்களும் பிரெஞ்சியரும் கலந்து உருவாக்கிய கிரியோல் மொழியே தீவின் பொதுமொழியாயிற்று. பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தெருவில் கிரியோல். இன்று அத்தீவின் தமிழர் பெரும்பாலார் வீட்டிற் பேசுவது கிரியோலே. ஆறுமுகமும் முத்துவும் சின்னத்தம்பியும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடிப்பெயர்களாய் நிற்கின்றன. அப்பெயரைத் தாங்கியவர் பலர்க்கு அப்பெயரின் பொருள் தெரியாது.

இதனைக் கண்டவுடன்தான் ஆங்கிலந் தோய்ந்தவர் 'தோதோவைப் போற் செத்தது' என்கின்றனர். ஆனால், செத்ததா?

அத்தீவில் தைப்பூசக் காவடித் திருநாள் நாடு முழுமைக்கும் பொது விடுமுறை. மணவிழாவிலும் கோயில் விழாவிலும் வாழையிலையில் ஏழு கறி வைத்துப் பரிமாறுவது அங்குள்ள தமிழர் வழக்கம். கிரியோல் பேசும் பிற இனத்தாரும் முருங்கைக் கீரையை 'மூரும்' என்றும் கறிவேப்பிலையைக் 'கரிப்பூலே' என்றும் தமிழ்ச்சொல்லின் திரிபாலேயே வழங்குகின்றனர். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் விரும்பும் மாணவர்க்குத் தமிழ் கற்பிக்கப்படுகிறது. 1989ஆம் ஆண்டு திசம்பரில் ஏழாம் உலகத் தமிழ் மாநாடு அத்தீவிலேயே நடைபெற்றது. அந்நாட்டுப் பணத்தாளில் தமிழெழுத்தும் தமிழெண்ணும் உள்ளன.

அப்பணத்தாளைப் பற்றி ஒரு செய்தி உண்டு. ஒவ்வொரு தமிழரும் அறிய வேண்டிய செய்தி. அத்தாள்களில் ஆங்கிலத்திற்கு அடுத்துத் தமிழும், தமிழுக்கு அடுத்து இந்தியும் நிற்பதே நெடுநாள் வழக்கம். 1998 நவம்பரில் அந்நாட்டு நடுவண் வைப்பகம் புதிய தாள்களை வெளியிட்டபோது, இந்தியை மேலேற்றித் தமிழைக் கீழிறக்கிற்று. தமிழர் கிளர்ந்தெழுந்தனர். தம் முன்னோர் பிரெஞ்சியர் காலத்திலேயே வந்து அத்தீவை எழுப்பியவர் என்பதை எடுத்துக்காட்டிப் பழைய இடத்தைக் கேட்டனர். அரசு பணிந்தது. அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. 1999இல் தமிழ் தன் இடத்தில் நிற்கப் புதிய தாள்கள் வெளிவந்தன.

கேட்டவருள் எத்தனை பேர்க்கு அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்கும்? பலர்க்குத் தெரிந்திராது. படிக்கத் தெரியாத எழுத்தின் இடத்திற்காக ஒரு மக்கள் எழுந்து நின்றனர்! செத்த ஒன்றற்காக யாரும் அவ்வாறு நிற்பதில்லை.

ஆதலின் அத்தீவுத் தமிழின் நிலையைச் சொல்ல 'செத்தது' என்பது பொருந்தாது. அழிந்தது என்பதும் பொருந்தாது. பொருந்தும் சொல் தமிழிலேயே இருக்கிறது. அத்தமிழ் தூர்ந்தது. தூர்ந்த கிணற்றில் மண் மூடியிருக்கும், புல் முளைத்திருக்கும், கிணறு இருந்த இடமே சிலர்க்குத் தெரியாமற் போயிருக்கும். ஆயினும் ஊற்று அடியில் உண்டு. ஊர் கூடித் தூர் வாரினால் தண்ணீர் வரும். செத்தது என்றவன் கைகழுவி அப்பாற் போவான்; தூர்ந்தது என்றவன் மண்வெட்டியைத் தேடுவான். ஒரு சொல்லைத் தேர்வதில் இத்துணை வேறுபாடு இருக்கிறது.

இது வெறும் ஆறுதற் பேச்சு அன்று; உலகில் நடந்த வரலாறு. ஆங்கிலரின் சொந்தத் தீவிலேயே, தென்மேற்கு மூலையில், கார்னிசு என்றொரு மொழி வழங்கிற்று. 1549இல் கோயில் வழிபாட்டில் ஆங்கில நூலைத் திணித்தபோது அம்மக்கள் எதிர்த்தெழுந்தனர்; படை கொண்டு அடக்கப்பட்டனர். மொழி தேய்ந்துகொண்டே வந்தது. 1777இல் இறந்த தோலி பெந்திரீத்து என்னும் மீன் விற்ற மூதாட்டியே அதனைத் தாய்மொழியாய்ப் பேசிய இறுதியாளர் என்பது வழிவழிக் கூற்று. தோதோவைப் போற் செத்தது என்று அம்மொழியைச் சொல்லியிருந்தால் அன்று மறுப்பார் இருந்திரார். ஆயினும் 1904இல் என்றி சென்னர் என்பவர் அம்மொழிக்கு ஒரு கையேடு எழுதினார். எழுதி வைத்த பழைய நாடகங்களும் பாடல்களும் இருந்தமையால் கற்பார்க்கு வாயில் கிடைத்தது. 2002இல் பிரித்தானிய அரசே அதனை ஏற்பிசைந்தது. 'ஒழிந்த மொழி' என்று குறித்து வைத்திருந்த ஒன்றிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனம் 2010இல் அக்குறிப்பை மாற்றிக்கொண்டது. தூர்ந்த கிணற்றில் ஊற்றுக் கண்டனர்.

ஆனால் எல்லா மொழிக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. நக்கவாரத்திற்கு வடக்கே உள்ள அந்தமானில் போ என்றொரு மொழி இருந்தது. அதனை அறிந்த இறுதி மாந்தராகிய மூத்த போவா என்னும் பெருமாட்டி 2010 சனவரியில், ஏறத்தாழ எண்பத்தைந்து அகவையில் மறைந்தார். தம் மொழியிற் பேசுவதற்கு ஆளின்றி அவர் பறவைகளோடு பேசிக்கொண்டிருந்தார் என்று அவரிடம் மொழியாய்வு செய்த அன்விதா அப்பி கூறியுள்ளார். அம்மொழிக்கு எழுத்தில்லை, நூலில்லை. ஆய்வாளர் பதிந்துகொண்ட ஒலியும் குறிப்புமே எஞ்சின. பூண்டோடு ஒழிந்தது என்னுஞ் சொல் அங்கேதான் பொருந்தும். அச்சொல்லைச் சொல்லும்போது நெஞ்சு நடுங்க வேண்டும். பகட்டிற்காக ஆளும் சொல்லன்று அது.

மொரீசியசுத் தமிழர் நிலை அதுவன்று. அவர்க்குப் பின்னே ஈராயிரமாண்டு இலக்கியம் எழுத்தில் நிற்கிறது. கோடிக்கணக்கானோர் பேசும் தாயகம் நிற்கிறது. ஊற்று வற்றவில்லை; வாரும் கைகளே வேண்டும். ஆசிரியரும் நூலும் ஒலிப்பதிவும் அங்குச் செல்லல் வேண்டும். அங்கிருந்து தமிழ் கற்க வரும் இளைஞர் தாயகத்துத் தெருவில் இறங்கும்போது, அவர் காதில் தமிழ் விழவும் வேண்டும். கடல் கடந்து தமிழ் கற்க வந்தவனிடம் தாயகத் தமிழன் அரைகுறை ஆங்கிலத்தில் விடையிறுத்தால், அவன் எதைக் கொண்டு திரும்புவான்?

தாயகத் தமிழர் தம் கிணற்றையும் எட்டிப் பார்த்தல் நன்று. கிணறு ஒரே நாளில் தூர்வதில்லை. நாளுக்கு ஒரு கை மண்ணாகவே விழுகிறது. மருந்துக்கும் இல்லை என்று பாட்டி சொன்னாள். சுத்தமாக இல்லை என்று தாய் சொன்னாள். நில் என்று மகள் சொல்கிறாள். பேத்தி என்ன சொல்வாள்? எந்தப் படைவீரனும் வந்து அச்சொல்லைச் சுட்டு வீழ்த்தவில்லை. தோதோவைக் கொன்றதிலும் சுட்ட குண்டினும் எலியின் பல்லே பெரிது என்பதை நினைவிற் கொள்க. வீட்டுக்குள் ஓசையின்றிப் புகுந்து முட்டையைத் தின்பதே பெரும்பகை. சொல்லின் முட்டை குழந்தையின் நாவில் இருக்கிறது.

தோதோவிற்கு அஞ்சத் தெரியவில்லை, கற்பிப்பாரும் இலர். தமிழர்க்கு அவ்வாறன்று. கண்முன்னே அத்தனை சான்றும் கிடக்கின்றன. ஆகவே இவ்வுரையைக் கேட்டவர் வீடு திரும்பியதும் செய்யத்தக்கது ஒன்றே. ஒன்றுமில்லை என்று சொல்ல நேரும்போது எது இல்லையோ அதற்குரிய தமிழ்ச்சொல்லை எடுத்துச் சொல்க. குழந்தை கேட்கச் சொல்க. ஒன்று அழிந்தது என்று யாரேனும் சொன்னால், அழித்தது யார் என்று கேட்க. தமிழ் செத்தது என்று யாரேனும் சொன்னால், செத்ததா தூர்ந்ததா என்று கேட்டு, மண்வெட்டியை அவர் கையிலும் ஒன்று கொடுக்க.

வாழ்க தமிழ்!